ஃபியூஸும் ரிலேயும்: மல்டிமீட்டரிடம் சரியாகக் கேள்வி கேட்பது எப்படி?



சபைகூடலில் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை, ஆசிரியர் அறையில் கேத்தல் சூடேறவில்லை, காடியில் ஹாரன் அடிக்கவில்லை. எதுவாக இருந்தாலும் நம் வாயில் முதலில் வருவது ஒரே வாக்கியம்தான்: "ஃபியூஸ் போயிருச்சு போல." பல நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால், போனது ஃபியூஸ்தானா, ஏன் போனது, புதிதாகப் போட்டால் நிற்குமா என்று ஒரு மாணவன் திருப்பிக் கேட்டால் என்ன சொல்வோம்?

அந்தக் கேள்விகளுக்கு மல்டிமீட்டரை வைத்துப் பதில் தேடும் முறையை இங்கே பார்ப்போம். அறிவியலும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் கற்பிப்பவர்களுக்கு இது நேரடியாக உதவும். மொழி ஆசிரியர்களும் கடைசிப் பகுதியில் உள்ள நடவடிக்கையைப் பயன்படுத்திக்கலாம்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனதில் வைத்துக்குங்க. மீட்டர் காட்டும் எண்ணுக்குத் தனியாக எந்தப் பொருளும் கிடையாது. நாம் என்ன கேட்டோமோ, அதற்கு மட்டும்தான் அது பதில் சொல்லும். சுழியம் என்றால் நல்லதா, கெட்டதா? ஓரிடத்தில் நல்லது, இன்னோரிடத்தில் கெட்டது. இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைத்துவிட்டால் மற்றதெல்லாம் பயிற்சிதான்.

முதலில் எல்லைக்கோடு

இந்தக் கட்டுரையில் வரும் சோதனைகள் இரண்டே வகை. ஒன்று, மின்சாரத்திலிருந்து முழுமையாகக் கழற்றி எடுத்த பொருள்களில் செய்வது. இன்னொன்று, 12 வோல்ட் அல்லது அதற்கும் குறைந்த மின்கலனில் செய்வது. சுவரில் உள்ள 230 வோல்ட் இணைப்பிலோ, பள்ளியின் மின்பகிர்வுப் பெட்டிக்குள்ளோ மீட்டரின் முனையை நுழைப்பது நம் வேலையல்ல. மலேசியாவில் அதற்குச் சக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற மின்பணியாளர் இருக்கிறார். சிங்கப்பூரில் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவர் இருக்கிறார். மாணவர்களிடமும் இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்க. கையில் மீட்டர் வந்ததும் எதையாவது தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு.

ஃபியூஸ் என்ன செய்கிறது?

ஃபியூஸுக்குத் தமிழில் 'உருகி' என்று பெயர். பெயரே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடுகிறது. மின்சுற்றில் மற்ற எல்லாக் கம்பிகளையும்விட எளிதில் உருகும்படி வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஒரு மெல்லிய கம்பி அது. மின்னோட்டம் அளவு மீறினால் கம்பி சூடாகும். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். அந்தச் சூட்டில் உருகி அறுந்து மின்சுற்றைத் துண்டித்துவிடும்.

இங்கே பலரும் தவறாக நினைக்கும் ஒன்று இருக்கிறது. ஃபியூஸ் முதலில் காப்பாற்றுவது வானொலியையோ கேத்தலையோ அல்ல, அவற்றுக்குப் போகும் கம்பியை. கம்பி தாங்கக்கூடிய அளவைவிட அதிகமாக மின்னோட்டம் ஓடினால் அதன் மேலுறை உருகும், தீப்பிடிக்கும். அப்படி நடக்கும் முன் அறுந்துவிடுவதுதான் ஃபியூஸின் கடமை.

நம் நாட்டில் நாம் பயன்படுத்தும் மூன்று பின் பிளக்குக்குள் ஒரு சிறிய பீங்கான் உருளை இருக்கும். அதுதான் ஃபியூஸ். நீளம் சுமார் 25 மில்லிமீட்டர். பொதுவாகக் கிடைப்பவை 3 ஆம்பியரும் 13 ஆம்பியரும். எதற்கு எது என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கருவியின் வாட் அளவை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும்.

• 2000 வாட் கேத்தல்: 2000 ÷ 230 = சுமார் 8.7 ஆம்பியர். 13 ஆம்பியர் ஃபியூஸ் வேண்டும்.
• 60 வாட் மேசைக் காற்றாடி: 60 ÷ 230 = சுமார் 0.26 ஆம்பியர். 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும்.

"போதும்" என்று சொல்லும்போது பிள்ளைகள் கேட்பார்கள்: "பெருசா போட்டா என்ன சார்? இன்னும் நல்லதுதானே?" அருமையான கேள்வி. காற்றாடியின் மெல்லிய கம்பி 13 ஆம்பியரைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதில் ஏதேனும் கோளாறு வந்து 10 ஆம்பியர் ஓடினால் 13 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பேசாமல் இருக்கும். சூடாவது கம்பிதான்.

காடியில் இருப்பது இரண்டு தட்டைக் கால்களும் வண்ணப் பிளாஸ்டிக் உடலும் கொண்ட ஃபியூஸ். வண்ணத்தைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடலாம்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எண்ணும் மேலேயே அச்சிட்டிருக்கும்.

மீட்டரோடு அறிமுகம்

மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை மூன்றையும் ஒரே கருவியில் அளக்கும் மீட்டர் 1923இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கியவர் அந்நாட்டு அஞ்சல் துறையின் பொறியாளர் டொனால்ட் மெக்காடி. மூன்று அளவுகளுக்கும் தனித்தனிக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு அலையும் தொல்லை அதோடு தீர்ந்தது. இன்று ஹார்ட்வேர் கடையில் விலை மலிவான டிஜிட்டல் மீட்டர்கள் கிடைக்கின்றன. நம் வேலைக்கு அதுவே தாராளம்.

மீட்டரில் நமக்கு வேண்டியது மூன்று இடங்கள்தான்.

1. தொடர்ச்சிச் சோதனை. ஒலி அலை போன்ற குறி போட்டிருக்கும். பாதை இருந்தால் 'பீப்' என்று கத்தும்.
2. மின்தடை. குதிரை லாடம் போன்ற ஓம் குறி. எத்தனை ஓம் என்று எண்ணாகக் காட்டும்.
3. நேர்மின்னழுத்தம். நேர்க்கோடும் அதன்கீழ்ப் புள்ளிக்கோடும் போட்ட வோல்ட் பகுதி. மின்கலனுக்கும் காடிக்கும் இதுதான்.

கறுப்புக் கம்பி எப்போதும் பொதுத் துளையில் இருக்கட்டும். சிவப்புக் கம்பி வோல்ட்டும் ஓமும் குறித்த துளையில் இருக்க வேண்டும். 10 ஆம்பியர் என்று எழுதிய துளையில் சிவப்புக் கம்பியை விட்டுவிட்டு மின்னழுத்தத்தை அளக்கப் போனால், மீட்டர் வெறும் கம்பித் துண்டு போல ஆகிவிடும். இரண்டு முனைகளையும் நேரடியாக இணைத்தது போலத்தான். பெரிய மின்னோட்டம் பாய்ந்து தீப்பொறி பறக்கும். வகுப்பில் பயன்படுத்தும் மீட்டர்களில் அந்தத் துளையின் மேல் ஒட்டுநாடா ஒட்டிவிடுங்க. வேலை மிச்சம்.

எந்தச் சோதனைக்கு முன்னும் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்க. பீப் கேட்க வேண்டும், எண் சுழியத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். பெரும்பாலும் 0.2 முதல் 0.5 ஓம் வரை காட்டும். அது மீட்டர்க் கம்பிகளின் சொந்தத் தடை. குறித்து வைத்துக்குங்க, பிறகு கழிக்க வேண்டும். முனைகளைப் பிரித்தால் திரையின் இடது ஓரத்தில் '1' மட்டும் நிற்கும் அல்லது 'ஓ.எல்.' என்று வரும். "பாதையே இல்லை, என் அளவுக்கு எட்டவில்லை" என்பது அதன் பொருள். அந்த '1'ஐ மாணவர்கள் 'ஒரு ஓம்' என்று எழுதிவிடுவார்கள். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஃபியூஸைக் கழற்றிச் சோதிப்பது

கண்ணாடி ஃபியூஸ் என்றால் உள்ளே கம்பி அறுந்திருப்பது கண்ணுக்கே தெரியும். பீங்கான் ஃபியூஸுக்குள் எதுவும் தெரியாது. அங்கேதான் மீட்டர் தேவைப்படுகிறது.

முதல் படி: பிளக்கைச் சுவரிலிருந்து எடுங்க. விசையை அடைத்தால் போதும் என்று விட்டுவிடாதீங்க, பிளக் கையில் இருக்க வேண்டும்.
இரண்டாம் படி: ஃபியூஸை அதன் பிடியிலிருந்து வெளியே எடுங்க.
மூன்றாம் படி: மீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, ஃபியூஸின் இரு உலோக முனைகளையும் தொடுங்க.
நான்காம் படி: பீப் வந்து எண் முனைகளைச் சேர்த்துத் தொட்டபோது வந்த அதே அளவில் இருந்தால் ஃபியூஸ் முழுசாக இருக்கிறது. 'ஓ.எல்.' அல்லது '1' என்றால் அறுந்துவிட்டது.

ஏன் வெளியே எடுத்துத்தான் சோதிக்க வேண்டும்? மின்சுற்றுக்குள் இருக்கும்போது, அறுந்த ஃபியூஸைச் சுற்றிக்கொண்டு போக வேறு பாதை இருக்கலாம். மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டம் அந்த வழியாகச் சுற்றி வந்து "பாதை இருக்கிறது" என்று சொல்லிவிடும். மீட்டர் பொய் சொல்லவில்லை. "இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் ஏதாவது பாதை இருக்கா?" என்று நாம் கேட்டோம், அது "இருக்கு" என்றது. "இந்த ஃபியூஸ் வழியாக இருக்கா?" என்று கேட்க வேண்டுமென்றால் ஃபியூஸைத் தனியாக எடுக்க வேண்டும்.

இதே வழியில் கேத்தல் முழுவதையும் ஒரே அளவில் சோதிக்கலாம். பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, கேத்தலின் விசையைத் திறந்து, பிளக்கின் நீளமான பின்னை விட்டுவிட்டு மற்ற இரண்டு பின்களுக்கும் இடையே மின்தடையை அளங்க. 2000 வாட் கேத்தல் என்றால் சுமார் 26 ஓம் வர வேண்டும். (230ஐ 230ஆல் பெருக்கி 2000ஆல் வகுத்தால் வருவது.) 'ஓ.எல்.' வந்தால் ஃபியூஸ், கம்பி, விசை, சூடேற்றும் சுருள் ஆகிய நான்கில் ஏதோ ஒன்று துண்டாகியிருக்கிறது. ஐந்தாம் ஆண்டு அறிவியலில் நாம் சொல்லித் தரும் தொடர் மின்சுற்று இதுதானே? ஓரிடத்தில் அறுந்தால் எல்லாமே நின்றுவிடும். பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்து இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

காடியில் இருந்தபடியே சோதிப்பது

காடியின் ஃபியூஸ் பெட்டியில் இருபது முப்பது ஃபியூஸ்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பார்ப்பது பெரிய வேலை. தட்டைக்கால் ஃபியூஸின் தலையைக் கவனிச்சுப் பாருங்க. பிளாஸ்டிக்கில் இரண்டு சிறு திறப்புகள், அவற்றுக்குள் உலோகப் புள்ளிகள் தெரியும். சோதிப்பதற்காகவே விடப்பட்டவை அவை.

மீட்டரை 20 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் வையுங்க. கறுப்பு முனையைக் காடியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியிலோ மின்கலத்தின் எதிர்முனையிலோ வையுங்க. சாவியைத் திருப்பி, சோதிக்க வேண்டிய கருவியையும் இயக்குங்க. சிவப்பு முனையால் இரண்டு புள்ளிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுங்க.

• இரண்டிலும் சுமார் 12 வோல்ட்: ஃபியூஸ் வழிவிடுகிறது.
• ஒன்றில் 12, மற்றதில் 0: ஃபியூஸ் போய்விட்டது.
• இரண்டிலும் 0: ஃபியூஸுக்கே மின்சாரம் வரவில்லை. குற்றவாளி அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது, அல்லது சாவி போடவில்லை.

இப்போது ஒரு சின்ன மாற்றம். கறுப்பு முனையை ஒரு புள்ளியிலும் சிவப்பு முனையை மற்றதிலும் வைத்து, ஃபியூஸின் குறுக்கே மின்னழுத்தத்தை அளந்தால் என்ன வரும்? நல்ல ஃபியூஸ் என்றால் கிட்டத்தட்ட 0. அறுந்த ஃபியூஸ் என்றால் கிட்டத்தட்ட 12.

பார்த்தீங்களா? முதல் சோதனையில் 12 நல்ல செய்தி, இந்தச் சோதனையில் 12 கெட்ட செய்தி. இன்னும் ஒரு படி போகலாம். ஃபியூஸ் அறுந்திருக்கிறது, ஆனால் அந்தக் கருவியின் விசையைத் திறக்க மறந்துவிட்டோம். இப்போது குறுக்கே அளந்தால் 0தான் வரும். ஓட்டத்துக்கு வழியில்லாததால் இரு பக்கத்துக்கும் வேறுபாடு தெரியாது. 'ஃபியூஸ் நல்லா இருக்கு' என்று முடிவு செய்துவிடுவோம். எண்ணை மட்டும் எழுதாமல், எந்த நிலையில் அளந்தது என்பதையும் சேர்த்து எழுதும் பழக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

ரிலே: மின்சாரத்தின் அஞ்சல் ஓட்டம்

விளையாட்டுப் போட்டியில் அஞ்சல் ஓட்டம் பார்த்திருப்போம். ஒருவர் களைத்த இடத்தில் அடுத்தவர் கோலை வாங்கிப் புது வேகத்தோடு ஓடுவார். ரிலே செய்வதும் அதே வேலைதான். 1830களில் அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி மின்காந்தத்தைக் கொண்டு இதைச் செய்து காட்டினார். பின்னர் தந்திக் கம்பியில் தூரம் போகப்போகக் குறிப்பு பலவீனமானபோது, அந்தப் பலவீனமான குறிப்பே ஒரு விசையை அசைத்து, அங்கிருந்த புது மின்கலத்தின் வலுவோடு செய்தியை அடுத்த ஊருக்கு அனுப்பியது.

இன்று காடியின் ஹாரன், முன்விளக்கு, காற்றாடி எல்லாவற்றுக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரு ரிலே இருக்கிறது. ஸ்டியரிங்கில் நாம் அழுத்தும் சிறிய விசை பெரிய மின்னோட்டத்தைத் தாங்காது. அது ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருளுக்கு மட்டும் சிறு மின்னோட்டத்தை அனுப்பும். சுருள் காந்தமாகி ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு பெரிய மின்னோட்டத்தின் பாதையை மூடும். 'டிக்' என்று நாம் கேட்பது அந்தத் தகட்டின் சத்தம்தான்.

காடி ரிலேயின் கால்களில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும்.

• 85, 86: கம்பிச்சுருளின் இரு முனைகள்.
• 30: பெரிய மின்னோட்டம் உள்ளே வரும் இடம்.
• 87: சுருள் இயங்கும்போது 30உடன் சேரும் இடம்.
• 87ஏ: ஐந்து கால் ரிலேயில் மட்டும் இருக்கும். சுருள் ஓய்வில் இருக்கும்போது 30உடன் சேர்ந்திருக்கும்.

ரிலேயை வெளியே எடுத்து மூன்று கேள்வி கேளுங்க.

முதல் கேள்வி: சுருள் முழுசா இருக்கா? மின்தடையில் வைத்து 85, 86 இரண்டையும் தொடுங்க. 12 வோல்ட் காடி ரிலே என்றால் பெரும்பாலும் 50 முதல் 120 ஓமுக்குள் வரும். 80 ஓம் என்று வைத்துக்குவோம். 12 ÷ 80 = 0.15 ஆம்பியர். இந்த 0.15 ஆம்பியர்தான் 30 ஆம்பியரைக் கட்டுப்படுத்துகிறது, அதாவது தன்னைப் போல 200 மடங்கை! 'ஓ.எல்.' வந்தால் சுருள் அறுந்துவிட்டது.

இரண்டாம் கேள்வி: ஓய்வில் சரியான இடத்தில் நிற்குதா? தொடர்ச்சிச் சோதனையில் 30உம் 87உம் பீப் தரக் கூடாது. 30உம் 87ஏவும் தர வேண்டும். ஓய்விலேயே 30உம் 87உம் பீப் தந்தால் உள்ளே தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டன. சாவியை எடுத்த பிறகும் ஒரு கருவி ஓடிக்கொண்டே இருந்து மின்கலம் காலியாவதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாம் கேள்வி: சொன்னால் கேட்குதா? 85க்கும் 86க்கும் மின்கலனை இணைங்க. 12 வோல்ட் ரிலே பெரும்பாலும் புதிய 9 வோல்ட் மின்கலனிலேயே 'டிக்' என்று இழுத்துவிடும். இப்போது 30உம் 87உம் பீப் தர வேண்டும், 87ஏ நின்றுவிட வேண்டும்.

மூன்றாம் கேள்விக்கு இரண்டு எச்சரிக்கைகள். சில ரிலேகளுக்குள் டையோடு இருக்கும். மேலே வரைந்துள்ள படத்தில் முக்கோணமும் கோடும் தெரிந்தால் மின்கலனின் நேர்முனையும் எதிர்முனையும் மாறக் கூடாது. மாறினால் மின்கலனே ஷார்ட் ஆகிவிடும். இரண்டாவது, டையோடு இல்லாத ரிலேயில் மின்கலனைத் துண்டிக்கும் கணத்தில் சுருள் ஓர் உயர் மின்னழுத்த உதையைத் திருப்பித் தரும். கம்பியை வெறும் விரலால் பிடித்திருந்தால் சுருக்கென்று குத்தும். முதலை வாய்க் கவ்விகளால் இணைத்து, நடுவில் ஒரு விசையை வைத்துவிட்டால் கவலை இல்லை.

பீப் சத்தத்தை எவ்வளவு நம்பலாம்?

'டிக்' கேட்டது, 'பீப்' வந்தது. ஆனாலும் முன்விளக்கு மங்கலாக எரிகிறது. இது எப்படி?

பழைய ரிலேயின் தொடுமுனைகள் தீப்பொறி பட்டுப்பட்டுக் கருகியிருக்கும். அங்கே அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்குங்க. பல மீட்டர்கள் சில பத்து ஓம்கள் வரைக்கும் பீப் தரும். அதற்கு அரை ஓம் ஒன்றுமே இல்லை. ஆனால் விளக்குக்கு? 55 வாட் முன்விளக்கு 12 வோல்ட்டில் சுமார் 4.6 ஆம்பியர் எடுக்கும், அதன் தடை சுமார் 2.6 ஓம். அதோடு அரை ஓம் சேர்ந்தால் மொத்தம் 3.1 ஓம். மின்னோட்டம் 3.9 ஆம்பியராகக் குறையும். ரிலேயிலேயே ஏறக்குறைய 2 வோல்ட் தங்கிவிடும், விளக்குக்கு 10 வோல்ட்தான் போகும். விளக்கு மங்கும், ரிலே சூடேறும்.

தண்ணீர்க் குழாயை நினைச்சுப் பாருங்க. குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தாலும், திறக்காதவரை உள்ளே முழு அழுத்தம்தான் இருக்கும். திறந்து வாளியை வைத்தால்தான் அடைப்பு தெரியும். மீட்டர் அனுப்புவது ஒரு சொட்டு மின்னோட்டம். கம்பியில் ஒரே ஓர் இழை மிச்சம் இருந்தாலும் அந்தச் சொட்டு போய்விடும்.

ஆகவே பீப்புக்குப் பொருள் "பாதை இருக்கு" என்பது மட்டும்தான். "பாதை தாங்கும்" என்பதல்ல. தாங்குமா என்று கேட்க வேண்டுமென்றால் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது 30க்கும் 87க்கும் குறுக்கே மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். நல்ல தொடுமுனையில் ஒரு வோல்ட்டின் சிறு பகுதிதான் வரும். ஒன்று, இரண்டு வோல்ட் வந்தால் அந்த ரிலேக்கு வயதாகிவிட்டது.

போனது ஏன்?

அறுந்த ஃபியூஸைக் கண்டுபிடித்தவுடன் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் உண்மையான ஆபத்து. ஃபியூஸ் குற்றவாளி அல்ல, அது சாட்சி. என்ன நடந்தது என்று அதனிடமே தடயம் இருக்கும். கண்ணாடி ஃபியூஸின் உட்புறம் கறுத்தோ வெள்ளி பூசியது போலவோ இருந்தால், திடீரென்று மிகப் பெரிய மின்னோட்டம் பாய்ந்திருக்கிறது. அது ஷார்ட்டாக இருக்கலாம். கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் நடுவில் தொய்ந்து அறுந்திருந்தால், அளவுக்குச் சற்று மீறிய மின்னோட்டம் வெகுநேரம் ஓடியிருக்கலாம். 13 ஆம்பியர் ஃபியூஸ் 13ஐத் தாண்டிய நொடியே அறுந்துவிடாது. மீறல் சிறிதென்றால் நிமிடக்கணக்கில் தாங்கும், பெரிதென்றால் கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகாது.

அதே அளவில் ஒரு புது ஃபியூஸ் போடலாம். அதுவும் உடனே போனால் நிறுத்திவிட வேண்டும். அங்கே கோளாறு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் நம்மிடையே நடப்பது என்ன? "தற்காலிகமா" என்று சொல்லி அலுமினியத் தாளைச் சுற்றி வைப்பார்கள், ஒரு துண்டுக் கம்பியைச் செருகுவார்கள், 10 இருந்த இடத்தில் 30 போடுவார்கள். விளக்கு எரியும், எல்லாருக்கும் மகிழ்ச்சி. இனி அந்த மின்சுற்றில் எளிதில் உருகக்கூடிய பொருள் ஃபியூஸ் அல்ல, சுவருக்குள்ளோ காடியின் தரைவிரிப்புக்கு அடியிலோ ஓடும் கம்பி. அது உருகும்போது யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வீட்டில் அப்பாவோ மாமாவோ அப்படிச் செய்வதைப் பார்த்த பிள்ளைகள் நம் வகுப்பில் கண்டிப்பாக இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லாமல், "கம்பிக்கு என்ன ஆகும்?" என்று கேட்டுவிடுங்க. பதிலை அவர்களே வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

வகுப்பறையில் செய்து பார்க்க

தேவையானவை: பழுதுபார்க்கும் பட்டறையில் கேட்டு வாங்கிய பழைய ஃபியூஸ்கள், நல்லதும் போனதும் கலந்து பத்து. ஐந்து கால் ரிலே ஒன்று. 9 வோல்ட் மின்கலன், விசை, கவ்விக் கம்பிகள், மீட்டர்.

ஒவ்வொரு குழுவும் நான்கு கட்டம் போட்ட தாளில் எழுதட்டும்: என்ன கேட்கிறோம், என்ன வரும் என்று நினைக்கிறோம், என்ன வந்தது, அதனால் என்ன தெரிகிறது. அளப்பதற்கு முன் இரண்டாம் கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும். ஊகித்ததும் வந்ததும் வேறுபடும் இடத்தில்தான் பேச்சு சூடுபிடிக்கும்.

• முதல் இடம்: ஃபியூஸ்களைக் கண்ணால் மட்டும் பார்த்து நல்லது, போனது என்று பிரிக்க வேண்டும். பிறகு மீட்டரால் சரிபார்க்க வேண்டும்.
• இரண்டாம் இடம்: முனைகளை விரல்களால் இறுகப் பிடித்து மின்தடையை அளக்க வேண்டும். விரலை ஈரமாக்கினால் எண் குறைவதைக் காணலாம். ஈரக்கையால் விசையைத் தொடாதே என்று சொல்வதன் காரணம் எண்ணாகவே தெரிந்துவிடும்.
• மூன்றாம் இடம்: ரிலேயிடம் மூன்று கேள்விகள்.
• நான்காம் இடம், ஆசிரியர் மட்டும் செய்து காட்ட வேண்டியது: ஓட்டின் மேல் பாத்திரம் தேய்க்கும் எஃகு நாரின் ஒரே ஓர் இழையை வைத்து, 1.5 வோல்ட் மின்கலன்கள் இரண்டு மூன்றைத் தொடராக இணைத்துத் தொடுங்க. இழை சிவந்து அறுந்துவிடும். கண்ணாடி அணிந்துக்குங்க, எஃகு நார்க் கட்டைத் தூரமாக வைத்துவிடுங்க.

மொழிப் பாடத்துக்கும் இதில் இடம் உண்டு. பேச்சில் எல்லாவற்றுக்கும் "போயிருச்சு" என்கிறோம். எழுதும்போது உருகியது, அறுந்தது, கருகியது, ஒட்டிக்கொண்டது என நான்கும் நான்கு வேறு கோளாறுகள். சோதனை முடிந்ததும் "ரிலே போயிருச்சு" என்ற வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, எது, என்ன ஆனது, எப்படித் தெரிந்தது என்று மூன்றும் விளங்கும்படி மாற்றி எழுதச் சொல்லுங்க. "சுருளின் இரு முனைகளுக்கும் இடையே மீட்டர் ஓ.எல். காட்டியதால் சுருள் அறுந்துள்ளது" என்று ஒரு பிள்ளை எழுதிவிட்டால் அறிவியலும் கருத்துணர்வும் வாக்கிய அமைப்பும் ஒரே வரியில் வந்துவிட்டன.

அடுத்த முறை யாராவது "ஃபியூஸ் போயிருச்சு" என்று சொன்னால், "எப்படித் தெரியும்?" என்று உங்க மாணவர் ஒருவர் கேட்க வேண்டும். அதற்கு இந்த ஒரு பாடவேளை போதும்.